தீயில் தப்பிய கண்ணாடி வீடு!

2025-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கடலோரம் உள்ள பசிபிக் பாலிசேட்ஸ் என்ற மலைப் பகுதியில் தீப்பிடித்தது. பேய்க் காற்று வீசியது. தீயை முழுக்க அடக்க அந்த மாதக் கடைசி வரை ஆயிற்று. 12 பேர் மாண்டார்கள். 6,800-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் அழிந்தன. நடிகர் வில் ரோஜர்சின் பழைய பண்ணை வீடும் சாம்பலாகி விட்டது.

அதே பகுதியில், கடலைப் பார்த்த ஒரு மேட்டில், தைல மரங்களுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி வீடு இருக்கிறது. தைல மரம் தீக்கு விருந்து! ஆனாலும் வீடு தப்பியது. புகை புகுந்தது. அவ்வளவுதான். சுத்தம் செய்து, ஜூலை மாதம் மறுபடியும் பார்வையாளருக்குத் திறந்து விட்டார்கள்.

அந்த வீட்டில் அப்படி என்ன விசேஷம்? வாருங்கள், பார்ப்போம்.

16 மணி நேரம்!

வீட்டைக் கட்டியவர்கள் சார்லஸ் ஈம்ஸ், அவர் மனைவி ரே. மரப் பலகையை வளைத்து நாற்காலி செய்து பெயர் வாங்கியவர்கள். 1949-ல் கட்டினார்கள்.

எஃகுத் தூண், எஃகு உத்திரம், ஜன்னல், தகடு எல்லாம் தொழிற்சாலையில் தயாராகக் கிடைத்தவை. பட்டறைக் கொட்டகை போடுகிற சாமான்கள்! 5 ஆட்கள் சேர்ந்து 16 மணி நேரத்தில் எஃகுச் சட்டத்தை நிறுத்தி விட்டார்கள். நம் ஊரில் நிலை வைக்க நாள் பார்ப்பதற்குள் அங்கே வீடு எழுந்து நின்று விட்டது!

இரண்டு பெரிய பெட்டிகள். ஒன்று குடியிருக்க, மற்றொன்று வேலை செய்ய. நடுவில் முற்றம். கூடத்தின் உயரம் 17 அடி. கறுப்புச் சட்டங்களுக்கு இடையே சிவப்பு, நீலம், வெள்ளைப் பலகைகள். உள்ளே பல தேசத்துப் பொம்மைகளும் கூடைகளும்.

இந்தத் தம்பதிக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1958-ல் நம் சர்க்கார் அழைத்து, இந்தியாவைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதில் அவர்கள் மனமாரப் புகழ்ந்த பொருள் என்ன தெரியுமா? செம்பு! நம் வீட்டில் தண்ணீர் மொள்ளும் அதே செம்பு. அந்த அறிக்கையின் பலனாக 1961-ல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் பிறந்தது.

கடலா, புல்வெளியா?

முதலில் போட்ட திட்டமே வேறு. வீடு பாலம் போல மேட்டிலிருந்து கடலைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது எண்ணம். எஃகுக்குச் சொல்லி விட்டார்கள். வந்து சேர வெகு நாள் ஆயிற்று. காத்திருந்த காலத்தில் அங்கிருந்த புல்வெளியில் கட்டுச்சோறு கொண்டுபோய்ச் சாப்பிட்டார்கள். அப்போதுதான் உறைத்தது, அந்த வீடு புல்வெளியைத் தின்று விடும் என்று.

திட்டத்தை மாற்றினார்கள். வீட்டை மலை ஓரமாகத் தள்ளி, சரிவைத் தாங்க 200 அடி நீளத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். வந்த எஃகே ஏறக்குறைய போதுமானதாக இருந்தது. ஒரே ஓர் உத்திரம்தான் கூடுதலாக வாங்கினார்கள் என்பார்கள். இன்றும் மரங்களின் ஊடேதான் கடல் தெரிகிறது. என்னைக் கேட்டால் அதுதான் அழகு.

மலிவு எங்கே போயிற்று?

போர் முடிந்து திரும்பும் சிப்பாய்களுக்கு வீடு வேண்டும் என்ற பேச்சு எழுந்த 1945-ல், ஒரு பத்திரிகை மாதிரி வீடுகள் கட்டும் திட்டத்தை ஆரம்பித்தது. அதில் இது 8-ம் எண் வீடு. இதைப் பார்த்து ஆயிரக்கணக்கில் வீடுகள் எழும் என்று நம்பினார்கள். எழவில்லை.

காரணம் உண்டு. சட்டம் 16 மணி நேரத்தில் நின்றது நிஜம். ஆனால் தம்பதி குடி புகுந்தது அந்த வருஷ டிசம்பர் கடைசியில்தான். மண் வெட்டுவது, சுவர் எழுப்புவது, குழாய் பதிப்பது, மின்சாரக் கம்பி இழுப்பது எல்லாம் மனையில் நடக்கிற வேலை. பெட்டி தொழிற்சாலையில் வரும், மனை வருமா?

அதே சமயத்தில் லஸ்ட்ரான் என்ற கம்பெனி, சர்க்கார் கடன் வாங்கி எஃகுத் தகட்டு வீடுகள் செய்தது. சுமார் 2,500 வீடுகளோடு 1950-ல் திவாலாகி விட்டது. ஊருக்கு ஊர் கட்டிட விதி வேறு. வீடு வாங்குகிறவர்களுக்குக் கடன் கிடைப்பதும் கஷ்டமாக இருந்தது.

இன்று வீடிழந்த பாலிசேட்ஸ் ஜனங்களில் சிலரும் லாரியில் வந்து இறங்கும் தயார் வீடுகளை விசாரிக்கிறார்கள். வீடு சீக்கிரம் வந்து விடும். ஆனால் நகரசபை அனுமதி வேண்டும். காப்பீட்டுப் பணம் வேண்டும். தீக்கு முந்திய வருஷமே ஒரு பெரிய காப்பீட்டுக் கம்பெனி அந்த மாகாணத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளின் பாலிசியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கைவிரித்து விட்டது. காப்பீடு இல்லாத வீட்டுக்கு எந்தப் பாங்கி கடன் கொடுக்கும்? மேட்டு மனையின் விலையும் கடல் காட்சிக்காக ஏறிய விலைதான். தயார் வீடு என்பதால் அது குறையாது.

ஈம்ஸ் வீட்டைப் பார்க்க முன்னதாகவே பதிவு செய்துகொள்ள வேண்டும். போகிறவர்கள் புல்வெளியில் நின்று மரங்களின் ஊடே கடலைப் பார்க்கலாம். போகிற வழியில் வீடு இல்லாத மனைகளையும் பார்க்க நேரும்.