வண்டிக்கு வயசாச்சு என்று சொல்லாதீர்கள்!



இருங்காட்டுக்கோட்டை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஹூண்டாய்தான் ஞாபகம் வரும். 1998-ல் முதல் சான்ட்ரோ அங்கிருந்துதான் வெளியே வந்தது. ஒரகடம் என்றால் 2010-ல் வந்த ரெனோ நிசான், 2012-ல் வந்த பாரத் பென்ஸ். நமக்குப் பெருமைதான், யார் இல்லை என்றது? ஆனால் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு பெங்களூர் ஹைவேயில் சிப்காட் திருப்பத்தில் நின்று பாருங்கள். அந்தப் புது ஃபேக்டரிகளுக்குள் போகிற கேன்டீன் காய்கறி, தண்ணீர் கேன், சின்னப் பட்டறைகளில் அடித்த பிரஸ் பார்ட்ஸ், வெளியே வருகிற ஸ்கிராப்... இதில் எவ்வளவோ பங்கைச் சுமப்பது பெயின்ட் உதிர்ந்து, கதவைக் கயிறு போட்டுக் கட்டிய பழைய டீசல் வண்டிகள்தான்!

அவற்றில் ராஜா, டாடா 407. டிரைவர்கள் வாயில் 'ஃபோர் நாட் செவன்'. ஜப்பான் கூட்டோடு வந்த டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி நாலுக்கும் போட்டியாக 1986-ல் இறங்கிய வண்டி இது. டொயோட்டாவும் ஆல்வினும் லாரிச் சந்தையிலிருந்து காணாமல் போயின. 407 இன்றும் ஓடுகிறது. இருபது வயது தாண்டியதும் ஓடுகிறது.

இந்த வண்டி மக்கர் பண்ணினால் நம் ஊரில் முதலில் சொல்லும் வார்த்தை என்ன? "அண்ணே, வண்டிக்கு வயசாச்சு. இன்ஜினை இறக்கிட வேண்டியதுதான்." ஓனர் கம் டிரைவருக்கு அங்கேயே பாதி உயிர் போய்விடும். இன்ஜின் வேலை என்றால் செலவு லட்சத்தைத் தொடும். பத்து நாள் ஓட்டம் போகும். டியூ கட்ட வேண்டிய தேதி மட்டும் போகாது!

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. 'வயசாச்சு' என்பது நோயின் பெயர் அல்ல. காரணம் கண்டுபிடிக்க முடியாதபோது நாம் சொல்லும் சாக்கு. பழைய டீசல் இன்ஜினில் வரும் கோளாறுகள் கொஞ்சம்தான். ஒவ்வொன்றும் அடையாளம் காட்டிவிட்டுத்தான் வரும். அதைப் படிக்கத் தெரிந்தவன்தான் டெக்னீஷியன். படிக்காமல் பார்ட்ஸை மாற்றிக்கொண்டே போகிறவன் ஸ்பேர்ஸ் கடைக்கு ஏஜென்ட்!

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையா?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி, அந்தச் சூடு 500 டிகிரியைத் தாண்டும்போது டீசலைப் பீச்சுகிறோம், அது தானே பற்றிக்கொள்கிறது. ஆக வேண்டியது மூன்றுதான்: வேகமாகச் சுற்றும் செல்ஃப், காற்று கலக்காத டீசல், நல்ல கம்ப்ரஷன். இதே வரிசையில் பார்த்தால் செலவு குறைவு. நாமோ பெரும்பாலும் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

முழு சார்ஜ் உள்ள பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். அது சரியாக இருந்தும் செல்ஃப் மெதுவாகச் சுற்றினால், மோட்டாரைக் கழற்றும் முன் இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கு வரும் எர்த் கேபிளைப் பாருங்கள். பச்சை பூத்து, பாதி நரம்பு அறுந்து கிடக்கும். செல்ஃப் மோட்டாரை மூன்று தடவை மாற்றினாலும் அந்தக் கேபிள் மாறாத வரை காலைத் தொல்லை தீராது.

அடுத்தது ஏர் லாக். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள பைப் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் வண்டி ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் இழு இழு என்று இழுக்கும். ஹேண்ட் பம்ப் அடித்து ஏர் எடுத்தால் கிளம்பும், மறுநாள் திரும்பவும் அதே கதை. அங்கே ஒரு அடி டிரான்ஸ்பரன்ட் டியூபை மாட்டிப் பாருங்கள், குமிழி வருவது தெரியும். காரணம் பல சமயம் ஒரு செப்பு வாஷர். விலை நூறு ரூபாய்கூட இருக்காது. அதைத் தேடாமல் பம்பையே இறக்கி 'மைகோ பம்ப் போயிருச்சு' என்று சொல்வது எத்தனை பெரிய பாவம்!

மழைக்காலத்தில் இன்னொன்று. பாதி காலியான டேங்கில் ராத்திரி ஈரம் தண்ணீராகப் படியும். டீசலைவிடத் தண்ணீர் கனம், அடியில் போய் உட்காரும். அது பம்ப் எலிமென்ட்டையும் நாசிலையும் துரு பிடிக்க வைக்கும். ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகை வாரம் ஒருமுறை திறந்துவிட யாருக்கும் காசு செலவில்லை.

புகை சொல்லும் சேதி

கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. அடைத்த ஏர் ஃபில்டர், ஒழுகும் நாசில், ஏற்றி வைத்த பம்ப், மிதமிஞ்சிய பாரம். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ரிங், வால்வு கைடு, டர்போ இருந்தால் அதன் சீல். வெள்ளைப்புகையில் இரண்டு வகை. பச்சை டீசல் நெடி அடித்தால் எரியாத டீசல்: கம்ப்ரஷன் குறைவு அல்லது டைமிங் தாமதம். நெடி இல்லாமல் ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

எந்த சிலிண்டர் என்று பிடிக்க நம் மெக்கானிக் அண்ணன்களிடம் ஒரு அழகான வழி உண்டு. பழைய பம்ப் வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். நல்ல சிலிண்டர் என்றால் இன்ஜின் சத்தம் உடனே இறங்கும். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அங்கேதான் திருடன்! ஆனால் ஜாக்கிரதை. பழைய நாசில் திறப்பதே 200 பார் சுற்றுவட்டத்தில். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து ரத்தத்தில் கலக்கும், கையை முன்னால் நீட்டவே கூடாது. பி.எஸ்.6 காமன் ரெயில் இன்ஜினில் இந்த வேலையே கூடாது. அங்கே பிரஷர் 1,600 பாருக்கும் மேலே. நட்டைத் தொட்டால் ஆளே காலி.

தண்ணீர் ஊற்றினால் தீராத சூடு

சூடு ஏறினால் ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றுவது நம் வழக்கம். அந்த உப்பு உள்ளே பாறையாகப் படிந்து, அடுத்த மாதம் இன்னும் சூடு ஏறும். அதைவிடப் பெரிய தப்பு தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு தம்பி?" என்பார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும். அதுவரை டீசல் முழுசாக எரியாது, ஆயிலில் கலக்கும், லைனர் தேயும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழி திறந்தே கிடப்பதால் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி, சூடு கூடவும் செய்யும். 'வயசாச்சு' என்று பிறகு சொல்கிறோமே, அந்த வயசை ஏற்றியது யார்?

ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். அது வெறும் மூடி அல்ல, பிரஷர் வால்வு. அழுத்தம் பிடித்தால்தான் தண்ணீரின் கொதிநிலை 100-ஐத் தாண்டும். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். உடனே விடாமல் குமிழி வந்தால் எரிந்த காற்று தண்ணீரில் கலக்கிறது என்று அர்த்தம். அப்போது ஹெட்டைக் கழற்றலாம், அதற்கு முன் வேண்டாம்.

பாரமும் பிரேக்கும்

இரண்டு, இரண்டரை டன் ஏற்ற வேண்டிய வண்டியில் நாலு டன் ஏற்றுகிறோம். இழுக்கவில்லை என்று பம்ப் சீலை உடைத்து டீசலை ஏற்றுகிறோம். கரும்புகை, பிஸ்டன் தலையில் கருகல், கிளட்ச் பிளேட், கிராஸ், ஸ்பிரிங் பட்டை என்று வரிசையாகப் போகும். தனித்தனி வியாதி மாதிரி தெரியும். வேர் ஒன்றுதான்.

பிரேக் விஷயத்தில் உயிரே இருக்கிறது. டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி மாதிரி இன்டேக்கில் வேக்கம் கிடைக்காது. அதனால் இந்த ரக வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே வேக்கம் பம்ப் இருக்கும். பெடல் கல் மாதிரி ஆனால் உடனே லைனிங்கை மாற்றாதீர்கள். வேக்கம் ஹோஸ், அந்தப் பம்புக்குப் போகும் ஆயில் பைப், ஃபேன் பெல்ட் மூன்றையும் பாருங்கள். பெல்ட் அறுந்தால் சார்ஜும் போகும், பிரேக் உதவியும் போகும்.

அப்போ எல்லா வண்டியும் ஓடணுமா?

நியாயமான கேள்வி. ஒரகடம் ரோட்டில் ஸ்கூல் பிள்ளைகள் முகத்தில் கரும்புகை அடிக்கும் வண்டிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பி.எஸ்.4-க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை அளவு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். 8 வயது தாண்டிய சரக்கு வண்டி வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து 15 வயது தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. கட்டணமும் பலமடங்கு உயர்ந்தது. சேஸிஸ் துருப்பிடித்து, பிளாக் வெடித்த வண்டி ஸ்கிராப்புக்குப் போகட்டும், தப்பில்லை. ஆனால் எது போகணும், எது இன்னும் ஐந்து வருஷம் சுத்தமாக ஓடும் என்று சொல்லவும் சோதனை தெரிந்த ஆள் வேண்டும் அல்லவா? எழுபதாயிரத்துக்கும் லட்சத்துக்கும் வாங்கிய அந்த ஒரு வண்டியில்தான் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது. பார்க்காமலே தீர்ப்பு சொல்ல நமக்கு உரிமை இல்லை.

நமக்கு என்ன லாபம்?

"பி.எஸ்.6 காலத்தில் பழைய பம்பைப் படித்து என்ன பண்ண?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் இதே காரிடாரில் டிரெய்னியாகப் போவோம். லைனில் நின்று ஒரே நட்டை நாள் முழுக்க முடுக்குவோம். டிரெய்னிங் காலம் முடிந்து வெளியே அனுப்பினால் கையில் என்ன இருக்கும்? ஒரு சர்டிபிகேட்டும் முதுகு வலியும்! கோளாறிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி தெரிந்தவனுக்கு எந்த ஷெட்டிலும் வேலை உண்டு. ஸ்கேனர் கோட் காட்டும், காரணம் காட்டாது. ரெயில் பிரஷர் குறைவு என்று அது சொன்னால், ஃபில்டர் அடைப்பா, காற்று இழுக்கிறதா, பம்ப் தேய்வா என்று தேட வேண்டியது நாம்தான். அந்தத் தேடலுக்கு 407-ஐவிட நல்ல வாத்தியார் கிடைக்காது. எல்லாம் கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும்.

நம் லேபில் என்ன இருக்கிறது? பாதியாக வெட்டி, சிவப்பும் மஞ்சளும் அடித்து ஸ்டாண்டில் நிற்கும் கட் மாடல். அழகாக இருக்கிறது. ஆனால் அது புகைவிடாது, சூடாகாது, மக்கர் பண்ணாது. மக்கர் பண்ணாத இன்ஜினில் எதைக் கற்பது?

ஆகவே மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள். அடுத்த வருஷம் நிர்வாகத்திடம் கலர் லைட்டும் ஆர்க்கெஸ்ட்ராவும் கேட்பதற்கு முன், மூன்று பொருள் கேளுங்கள். ஓடுகிற நிலையில் ஒரு பழைய டீசல் இன்ஜின். ஒரு நாசில் டெஸ்டர். டீசலுக்கான ஒரு கம்ப்ரஷன் கேஜ். வாரம் ஒருநாள் சார் வேண்டுமென்றே ஒரு கோளாறு வைக்கட்டும், நாம் கண்டுபிடிப்போம். கையில் நோட்டு: என்ன அடையாளம், எதைப் பார்த்தோம், என்ன காரணம். அருகிலுள்ள மெக்கானிக் அண்ணன்களையும் மாதம் ஒருமுறை அழைப்போம். ஏட்டில் இல்லாதது அவர்கள் காதில் இருக்கிறது. அவர்களுக்குத் தெரியாத அளவும் கணக்கும் நம் ஏட்டில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இந்த ஊருக்கே லாபம்.

அதுவரை ஒரு சின்ன உறுதிமொழி போதும் தோழர்களே. காரணம் தெரியாமல் ஒரு பார்ட்டைக்கூட மாற்றச் சொல்ல மாட்டோம்!