பரிசிலும் தள்ளுபடியும்

பிளஸ் டூ முடிவுகள் வெளிவரும் மே மாதத்தில் கிரிவலம் வருவோர் கண்ணில் அண்ணாமலையைவிட அதிகம் படுபவை தனியார் பொறியியல் கல்லூரிகளின் தட்டிகள்தாம். கட் ஆஃப் 180க்கு மேல் என்றால் 50 சதவீதம் 'தகுதி உதவித்தொகை'யாம். தமிழ் படித்தவன் என்ற முறையில் இச்சொல்லாட்சி எனக்குக் கோபத்தையே தருகிறது. இது உதவியுமன்று, தொகையுமன்று. மாணவன் கைக்கு ஒரு காசும் வருவதில்லை. ஜவுளிக்கடை ஆடியில் செய்வதைக் கல்லூரி மே மாதத்தில் செய்கிறது; அவ்வளவே.

அதியமான் தம்மை நேரில் காணாமல் கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். அது புறநானூற்றின் 208ஆம் பாடல். விலையை ஏற்றி வைத்துக்கொண்டு பாதியைக் குறைப்பவரை அவர் என்னவென்று அழைத்திருப்பாரோ!

கணக்கைப் பார்ப்போம். தரச்சான்று பெறாத பாடப்பிரிவுகளுக்குக் கட்டணக் குழு 2017இல் நிர்ணயித்த ஆண்டுக் கட்டணம், கலந்தாய்வு இடத்துக்கு 50,000 ரூபாய், நிர்வாக இடத்துக்கு 85,000. குடும்பத்தின் முதல் பட்டதாரி கலந்தாய்வு வழியே சேர்ந்தால் அரசு 25,000 ஏற்கும். மாணவன் கட்டுவது 25,000. தட்டியை நம்பி நிர்வாக இடத்தில் சேர்ந்தவன், 'பாதி உதவி' போக, 42,500 கட்டுகிறான். உதவி பெற்றவன் உதவி பெறாதவனைவிட நான்காண்டுகளில் 70,000 ரூபாய் அதிகம் கட்டும் விந்தையை வேறெங்கு காண்போம்? ஒரு தாளில் அரியர் விழுந்தால் சலுகை ரத்து என்ற நிபந்தனையும் இருந்து, இரண்டாமாண்டிலேயே அது நின்றுபோனால், மொத்தம் 2,97,500. விடுதியும் பேருந்தும் தனி.

மீதிக்குத்தான் கல்விக்கடன். 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை என்பது மெய். ஆனால் தந்தையும் இணைக்கடனாளி. படிக்கும்போதே வட்டி சேரத் தொடங்கிவிடும். 2016இல் மதுரையில் ஒரு பொறியியல் பட்டதாரி, வங்கியிடமிருந்து கடனை வாங்கிய வசூல் நிறுவனத்தின் நெருக்கடிக்குப் பின் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் பட்ட கடன் இரண்டு லட்சத்தைக்கூடத் தொடவில்லை.

அப்படியானால் எல்லோரும் அரசுக் கல்லூரிக்கா என்று நண்பர்கள் சீறக்கூடும். நம் ஊர் கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரியில் இளங்கலைக்குக் கல்விக் கட்டணம் இல்லை. கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே அரசுக் கல்லூரிகள் காலம் தள்ளுகின்றன என்ற குறையை நானும் மறுக்கவில்லை. அது அரசிடம் சண்டையிட்டுப் பெற வேண்டிய வேறு கணக்கு. பொறியியல்தான் வேண்டுமென்றால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021இல் சட்டமாயிற்று. அதில் சேர்ந்தோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசு ஏற்றது. இதற்கெல்லாம் கிரிவலப் பாதையில் தட்டி வைப்பாரில்லை.

180 எடுத்த பிள்ளைக்குக் கலந்தாய்விலேயே இடம் உண்டு. அதனால்தான் கலந்தாய்வுக்கு முன்பே முன்பணமும் அசல் சான்றிதழும் கேட்கிறார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கலாகாது என்பது ஏஐசிடிஇ விதி. கேட்பவரிடம் அதைச் சொல்லுங்கள். நான்காண்டுக் கட்டணத்தையும் சலுகை எப்போது நிற்கும் என்பதையும் கையொப்பத்துடன் எழுதித் தரச் சொல்லுங்கள்.