பட்டியல் இரண்டு, கிணறு ஒன்று



உங்கள் கையில் இரண்டு பட்டியல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வீட்டுக்காரரின் பெயர், ஒழுங்கை, தொலைபேசி எண். மற்றதில் ஆய்வுகூடம் அனுப்பிய கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவுகள். எந்த வீட்டார் குடிக்கலாம், எந்த வீட்டார் குடிக்கக் கூடாது என்று ஒரே தாளில் எழுதித் தர வேண்டும். என்ன செய்வீர்கள்?

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் ஒரு வரி பிசகினால் போதும், அதற்குக் கீழே உள்ள வீடுகளெல்லாம் அடுத்த வீட்டுக் கிணற்றின் முடிவைப் பெற்றுவிடும்!

இது வெறும் கணக்குப் பாடம் அல்ல. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல் நிலத்துக்குள் இறங்கித் தேங்கும் மழைநீர்தான் அங்குள்ள கிணறுகளுக்கு ஊற்று. அந்தக் குடாநாட்டில், உடுவில் பிரதேச செயலகப் பிரிவில் அடங்கியது சுன்னாகம். அங்கே மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டார்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பர் முதல் 2014 ஜூலை வரை 150 கிணறுகளைச் சோதித்தது. 109 கிணறுகளில் எண்ணெயும் கொழுப்பும் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தன. வழக்கு இலங்கையின் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று.

150க்கு 109 என்பது பத்திரிகைக்குப் போதும். பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கும் தாய்க்கு அது போதாது. எங்கள் கிணறு அந்த 109இல் ஒன்றா என்பதுதான் அவர் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ஆய்வுகூடத்துப் போத்தலையும் அவர் வீட்டையும் இணைக்கும் பொதுவான ஒன்று இரு பட்டியல்களிலும் இருக்க வேண்டும்.

பெயர் உதவுமா? உதவாது. நம் வீடுகளிலேயே பாருங்கள்: முகம்மது, முஹம்மத், மொஹமட். ஆள் ஒருவர்தான், கணினிக்கோ மூன்று பேர். ஒரே ஒழுங்கையில் ஒரே பெயருடைய இருவரும் இருப்பார்கள். ஆகவே, தண்ணீர் எடுக்கும்போதே ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அதையே போத்தலிலும் வீட்டுப் பட்டியலிலும் எழுதிவிட வேண்டும்.

அதையும் ஒரே மாதிரி எழுத வேண்டும். 'உ-07', 'உ 7', 'உ-7' மூன்றும் கணினிக்கு வேறு வேறு. கடைசியில் தெரியாமல் விழுந்த ஓர் இடைவெளிகூடப் பொருத்தத்தைக் கெடுத்துவிடும். வெறும் 007 என்று தட்டினால் எக்ஸெல் அதை 7 ஆக்கிவிடும். முதலிலேயே அந்தப் பத்தியை 'எழுத்து' வகை என்று அமைத்துக்கொள்ளுங்கள்.

இனி இணைப்பு. எக்ஸெலில் 'விலுக்கப்' என்ற கட்டளை இருக்கிறது. எதைத் தேடுவது, எந்த அட்டவணையில் தேடுவது, எத்தனையாவது பத்தியிலிருந்து விடை எடுப்பது என்று மூன்று சொல்ல வேண்டும். நான்காவதாக, அச்சொட்டாகப் பொருந்த வேண்டும் என்பதற்கு 'ஃபால்ஸ்' என்று கொடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டால், தேடிய இலக்கம் இல்லாதபோது வேறொரு கிணற்றின் முடிவை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் எடுத்துப் போட்டுவிடும். புதிய பதிப்புகளில் உள்ள 'எக்ஸ்லுக்கப்' நீங்கள் சொல்லாமலே அச்சொட்டான பொருத்தத்தைத்தான் தேடும்.

எந்தப் பக்கத்திலிருந்து தேடுகிறோம் என்பதும் முக்கியம். யாழ்ப்பாணத்தில் பங்குக் கிணறு உண்டு. ஒரே கிணற்றில் நாலைந்து வீட்டார் அள்ளுவார்கள். வீட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு கிணற்று முடிவைத் தேடினால் ஐந்து வீட்டுக்கும் விடை கிடைக்கும. கிணற்றுப் பட்டியலை வைத்துக்கொண்டு வீட்டைத் தேடினால் முதல் வீடு மட்டுமே வரும். மற்ற நான்கும் ஓசையில்லாமல் விடுபட்டுப் போகும். அதேபோல், ஒரு கிணற்றை இரண்டு தடவை சோதித்திருந்தால் மேலே உள்ள முடிவு மட்டுமே வரும். எந்தத் தேதியின் முடிவு வேண்டும் என்று முன்பே தீர்மானித்து, மற்றதைத் தனித் தாளுக்கு மாற்றிவிடுங்கள்.

இணைத்து முடித்ததும் வரிகளை எண்ணிப் பாருங்கள். 200 வீடுகளோடு தொடங்கினால் 200 வீடுகளோடு முடிய வேண்டும். பொருத்தம் கிடைக்காத வரிகளில் ஒரு பிழைக்குறி நிற்கும். பார்க்க அழகாக இல்லை என்று அதை அழித்துவிடாதீர்கள். அங்கே பூச்சியமும் போட்டுவிடாதீர்கள். 'முடிவு கிடைக்கவில்லை' என்பது வேறு, 'எண்ணெய் இல்லை' என்பது வேறு. பூச்சியத்தைப் பார்ப்பவர் நல்ல தண்ணீர் என்று நம்பிக் குடித்துவிடுவார்.

அந்த வரிகளைத் தனித் தாளில் எடுத்துக்கொண்டு, நேரே அந்த வீட்டுப் படலையைத் தட்டுங்கள். இலக்கம் தவறா, போத்தல் தவறியதா, அல்லது அந்தக் கிணற்றில் யாரும் தண்ணீரே எடுக்கவில்லையா என்பதை அங்கேதான் அறிய முடியும்.

உங்கள் மஹல்லாவின் குடும்பப் பட்டியலையும் கல்வி உதவி கேட்டோர் பட்டியலையும் இணைக்கும்போதும் இதே முறைதான். முதலில் பொது இலக்கம், கடைசியில் பொருந்தாத வரிகள். அந்த வரிகளைப் பார்த்து முடிக்கும் வரை பட்டியலில் கையெழுத்துப் போடாதீர்கள்.