மாட்டு மருந்துக்கு ஓர் அலமாரி

கன்று ஈன்ற மறுநாள் பசு எழ முடியாமல் படுத்துவிட்டால் அது பால் காய்ச்சல் என்று தாமிரபரணிக் கரையில் மாடு வளர்ப்பவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். நரம்பு வழியே கால்சியம் ஏற வேண்டும். சில மணி நேரம் தவறினால் மாடு போய்விடும். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் ஊர்தியில் டாக்டர் வருவார். அவரிடம் மருந்து தீர்ந்திருந்தால் மிஞ்சுவது ஒரு சீட்டுதான். மனிதருக்கான மருந்துக்கடை பக்கத்திலேயே இருக்கும். மாட்டு மருந்துக்கோ அம்பாசமுத்திரத்துக்கோ பாளையங்கோட்டைக்கோ ஓட வேண்டும்.

ஊரிலேயே ஒரு கடை போட்டால் என்ன என்று கேட்டால், லைசென்ஸ் செலவு என்கிறார்கள். கட்டணம் அப்படியொன்றும் பெரிதல்ல. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, சில்லறை விற்பனைக்கான 20, 21 எண் படிவ உரிமங்களுக்குத் தலா 1,500 ரூபாய். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கட்டினால் போதும். மேலப்பாளையம் சந்தையில் இந்தப் பணத்துக்கு நல்ல கிடா கிடைக்காது. இடிப்பது வேறு இடத்தில். கடை 10 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. சீட்டு மருந்து கொடுக்க மருந்தாளுநர் வேண்டும். குடற்புழு மருந்தும் மடிநோய் ட்யூபும் விற்று அவருக்குச் சம்பளம் கொடுக்கக் கிராமத்துக் கடைக்குக் கட்டுப்படியாகுமா?

டாக்டரே கொடுக்கலாம். தன்னிடம் வரும் மாட்டுக்கு மருந்து தர அவருக்கு விதிவிலக்கு உண்டு. கடை திறந்து விற்கத்தான் கூடாது. பிரிட்டனில் மருந்து வைத்துக் கொடுக்கும் கால்நடை மருத்துவமனைகள் 2009 முதல் கட்டணம் கட்டிப் பதிவு செய்தாக வேண்டும். அங்கே டாக்டரே மருந்து கொடுப்பது பொருந்தும். அரசு மாட்டாஸ்பத்திரியையே நம்பியிருக்கும் நம் ஊர்களுக்கு அந்த வழி உதவாது.

மருந்து எட்டாத ஊரில் மனித மருந்து மாட்டுக்குப் போகிறது. வலி மருந்தான டைக்ளோஃபினாக், செத்த மாடுகளைத் தின்ற பாறுக் கழுகுகளைக் கொன்றதால் கால்நடைக்கு அது தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகள் தொழுவத்துக்குப் போனதால், 2015-ல் ஊசிக் குப்பியை 3 மில்லிக்குச் சுருக்க வேண்டியதாயிற்று. ஆன்டிபயாடிக் கதை இன்னும் மோசம். யாரோ சொன்ன அளவில் போட்டு, பாதியில் நிறுத்தி, அந்தப் பாலையே ஊற்றுகிறோம். அது நம் பிள்ளைகள் குடிக்கிற பால்.

வழி அதே விதிகளில் இருக்கிறது. மனிதருக்கான கடையிலேயே கால்நடை மருந்தும் விற்கலாம். அதற்கெனத் தனி அலமாரி வேண்டும், 'கால்நடைக்கு மட்டும்' என்ற குறிப்பு வேண்டும், அவ்வளவே. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு அரசின் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. அவற்றில் பாதி கூட்டுறவுச் சங்கங்களுடையவை. உரிமமும் மருந்தாளுநரும் அங்கே ஏற்கெனவே உண்டு. அடுத்த மாதமே மத்திய அமைச்சரவை, கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகவும் மலிவு விலைக் கால்நடை மருந்து விற்கும் 'பசு ஔஷதி' திட்டத்துக்கு 75 கோடி ரூபாய் ஒதுக்கியது. கடையை ஒருவர் திறந்துவிட்டார், சரக்குக்கு இன்னொருவர் பணம் வைத்துவிட்டார். இரண்டையும் சேர்த்துவைக்கத்தான் ஆளில்லை.

மாவட்ட ஆட்சியர் கூட்டுறவு, கால்நடை பராமரிப்பு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகளை ஒரே மேசையில் உட்காரவைக்க வேண்டும். பாபநாசத்திலிருந்து சீவலப்பேரி வரை ஆற்றங்கரை ஊர்களில் உள்ள கூட்டுறவு மருந்தகங்களில் பிசான நெல் பருவம் முடிவதற்குள் அந்த அலமாரியை வைக்கச் சொல்ல வேண்டும். பால் சங்கத்தாரே, அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகவே கொடுங்கள்.