மலை வகுக்கும் மழை

மழையைத் தருவதும் மலையே. அதனை மறிப்பதும் மலையே. இவ்வுண்மையை ஊவா மக்கள் நூல் கற்று அறிய வேண்டுவதில்லை. ஆடி மாதத்தில் அட்டனிலும் தலவாக்கலையிலும் கம்பளி போர்த்தாது வெளியே தலைகாட்டல் அரிது. அதே நாளில் பசறைத் தெருவிலே புழுதி பறக்கும். நமுனுகுல மலைச்சாரலில் வறண்ட காற்று லயத்துக் கூரைத் தகரங்களை ஆட்டி அலைக்கும். இரண்டிடத்திலும் வளர்வது தேயிலையே. உழைப்பவரும் ஓரினத்து மக்களே. இத்துணைச் சிறிய தீவினுள் இத்துணைப் பெரிய வேறுபாடு எங்ஙனம் வந்தது? இவ்வாரம் அதனை ஆராய்வோம்.

முதற்கண் இரு சொற்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். இன்று மழை பெய்கின்றதா, வெயில் எறிக்கின்றதா என்பது வானிலை. ஓரிடத்து வானிலையை முப்பது ஆண்டுகளேனும் தொடர்ந்து அளந்து பெறும் பொது இயல்பே காலநிலை. பண்டைய கிரேக்கர் கதிரவனின் சாய்வு ஒன்றையே கருதி, உலகை வெப்ப வலயம், இடைவெப்ப வலயம், குளிர் வலயம் என வகுத்தனர். விளாடிமிர் கேப்பன் என்னும் அறிஞர் 1884ஆம் ஆண்டு தொடங்கிப் பல்லாண்டுகள் உழைத்து, ஓரிடத்துத் தாவரங்களுக்கும் அங்குள்ள வெப்பம், மழை ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பைக் கொண்டு காலநிலை வலயங்களை வரையறுத்தார். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, அவற்றுக்குரிய மரத்தையும் பூவையும் தொழிலையும் கருப்பொருளாக வகுத்த தமிழ் மரபினர்க்கு இம்முறை அந்நியமானதன்று. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரியன என்பதும், முல்லைக்குக் கார்காலம் உரியது என்பதும் நாம் பள்ளியிற் கற்றவையே.

இனி, காலநிலையை ஆக்கும் காரணிகளைக் காண்போம். அகலக்கோடு அவற்றுள் முதலாவது. ஆயினும் கொழும்பு, நுவரெலியா, பதுளை ஆகிய மூன்றும் ஏறக்குறைய 7 பாகை வட அகலக்கோட்டிலேயே அமைந்துள்ளன. கதிரவன் மூன்றுக்கும் ஒரே வகையாகத்தான் ஒளி தருகின்றான். அவ்வாறிருந்தும், கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை செல்சியசு. நுவரெலியாவிலோ அது 16 பாகை மாத்திரமே. உயரமே இதற்குக் காரணம். ஆயிரம் மீற்றர் மேலேறுந்தோறும் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதன் அருகே நிற்கும் நமுனுகுல மலையின் உச்சி 2,036 மீற்றர். ஆகவே நகரத்தில் வியர்த்து நிற்பவர் மலைமேற் சென்று குளிரால் நடுங்குவது வியப்பன்று.

மூன்றாவது காரணி, காற்றும் மலையும் கூடிச் செய்யும் வேலையாகும். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற் பருவக்காற்று இந்துமாகடலின் ஈரத்தைச் சுமந்து வருகின்றது. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மோதி மேலெழும் காற்று குளிர்கின்றது. அதிலுள்ள நீராவி ஒடுங்கி மழையாகப் பொழிகின்றது. நீராவி ஒடுங்கும்போது மறைவெப்பம் வெளிப்படுவதால், முகிலினூடே மேலேறும் காற்று ஆயிரம் மீற்றருக்கு 6 பாகை அளவே குளிரும். அதே காற்று ஈரத்தை இழந்து மறுபுறத்தே இறங்கும்போதோ ஆயிரம் மீற்றருக்கு 10 பாகை வெப்பமடையும். ஏறும்போது இழந்தது ஆறு, இறங்கும்போது பெற்றது பத்து. எஞ்சிய நான்கு பாகை வெப்பமும் வறட்சியுமே ஊவாவுக்கு எஞ்சுகின்றன. இதனை மழை மறைவு என்பர். ஐப்பசி, கார்த்திகையில் இடைப்பருவ மழையும், பின்னர் வடகீழ்ப் பருவக்காற்றும் வரும்போது நிலைமை தலைகீழாகின்றது. அப்பொழுது நமுனுகுலத்தின் கீழ்ச்சரிவே காற்றை எதிர்கொள்ளும் மார்பாகின்றது.

நம் முன்னோர் விட்டு வந்த தமிழ்நாட்டிலும் இதே விதியே ஆட்சி செய்கின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்கே மூணாறு நனையும்போது, கிழக்கே போடியும் தேனியும் வறண்டிருக்கும். மலையிலுள்ள கணவாய் வழியே தென்மேற்கு ஈரம் சிறிது நுழைவதாலேயே குற்றாலத்திற் சாரல் விழுகின்றது.

ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுவது ஈரவலயம்; 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாகப் பெறுவது உலர்வலயம்; இரண்டிற்கும் நடுவே நிற்பது இடைவலயம். பதுளையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களும் பெரும்பாலும் இந்த இடைவலயத்தைச் சேர்ந்தவை. ஆடி, ஆவணி, புரட்டாதியில் வீசும் வறண்ட காற்று கொழுந்தின் வளர்ச்சியைத் தடுக்கின்றது. ஆனால் அக்காலத்துக் கொழுந்திலேதான் உலகம் போற்றும் ஊவாத் தேயிலையின் தனி மணம் பிறக்கின்றது. வணிகர்க்கு அது மணக்கும் பருவம். கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கோ அது கூடை நிறையாத பருவம். குறித்த எடை சேராவிடின் அன்றைய பேர் அரைப்பேர் ஆகிவிடும். காலநிலை என்பது புவியியற் பாடம் மட்டுமன்று, அடுப்பங்கரைப் பாடமுமாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இக்காலநிலை மாறுமா? முன்னரும் மாறியதுண்டு. புவியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல மாறுவதால் பனியூழிகள் வந்து சென்றன. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய நுண்துகள்கள் வானை மறைத்தமையால், 1816இல் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் கோடையையே இழந்தன. ஆயினும் இன்றைய மாற்றத்துக்கு இவை காரணமல்ல. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதாலும், காடுகளை அழிப்பதாலும் வளிமண்டலத்திற் காபனீரொட்சைட்டு பெருகுகின்றது. கதிரவன் தந்த வெப்பம் விண்வெளிக்கு மீளாதவாறு இவ்வாயு போர்வைபோற் பிடித்து வைக்கின்றது. சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியசு 1896ஆம் ஆண்டிலேயே இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். ஆலைத்தொழில் பெருகுமுன் பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த இவ்வாயு, 2024ஆம் ஆண்டில் 420 பங்கைக் கடந்துவிட்டது. அளவீடுகள் தொடங்கிய பின் மிக வெப்பமான ஆண்டாகப் பதிவானதும் அந்த 2024ஆம் ஆண்டே.

வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு நீராவியை மிகுதியாகத் தாங்கும். அதன் விளைவு இருமுகமானது. வறண்ட காலத்திலே காற்று மண்ணின் ஈரத்தை மேலும் உறிஞ்சும்; மழைக்காலத்திலோ தாங்கிய நீரை ஒருசேரக் கொட்டும். வெயிலில் வெடித்து நிற்கும் மலைச்சரிவிலே பெருமழை இறங்கின் நிகழ்வது யாது? 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறந்திலோம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. மண்சரிவால் மிகத் துயருற்ற மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. ஒரு நிகழ்ச்சி முழுவதையும் காலநிலை மாற்றத்தின் தலையிற் சுமத்தல் பொருந்தாது. செங்குத்தான சரிவில் வீடு அமைத்ததும், வேர்ப்பிடிப்புள்ள காட்டை 19ஆம் நூற்றாண்டிலே காப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் அழித்ததும் அதிற் பங்குடையன. மழை இயற்கையின் செயல்; மழை விழும் இடத்தில் மனிதனைக் குடியமர்த்தியது மனிதனின் செயல்.

மழையின்றி வாடித் தம் இயல்பு கெட்ட காடும் மலையுமே பாலையாகும் என்பது இளங்கோவடிகள் தந்த விளக்கம். குறிஞ்சி நிலத்தில் வாழும் நாம் அதனைக் காப்பியச் சுவையாக மட்டும் படித்துவிட்டுப் போகலாகாது. புகைபோக்கிகளால் வானை நிரப்பியவர் வேறு நாட்டார். அதன் பயனை அனுபவிப்பவருள் லயத்தில் வாழும் ஏழை முன்னிற்கின்றான். பாதுகாப்பான நிலத்திலே காணியும் வீடும் வேண்டும் என்று அவன் கேட்பது இரக்கத்துக்கான விண்ணப்பம் அன்று, நியாயத்துக்கான கோரிக்கையாகும்.

மாணவர்க்கு ஒரு சொல். தோட்டத்துக் காரியாலயங்கள் பலவற்றில் நெடுங்காலத்து மழைக்கணக்கு எழுதி வைக்கப்பட்டுள்ளது. அனுமதி பெற்று அதனைப் படியெடுங்கள். மாதவாரியாக வரைபடம் வரையுங்கள். உங்கள் பாட்டியார் கொழுந்தெடுத்த காலத்து மழைக்கும் இன்றைய மழைக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் கையாலேயே காண்பீர்கள். சரிவிலே புதிய வெடிப்பு, திடீரெனத் தோன்றும் ஊற்று, சாயும் மரம் ஆகியவற்றைக் கண்டால் பெரியோரிடம் உடனே கூறுங்கள். வெளியேறுமாறு எச்சரிக்கை வந்தால் தயங்காது வெளியேறச் செய்யுங்கள். மலையின் மொழியை அறிந்தவன் மலையோடு வாழலாம். அறியாதவன் அதன் அடியில் வாழ்கின்றான்.