ஒரு குற்றம், மூன்று முடிவுகள்

1955ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை, கொலைக் குற்றவாளிக்குத் தூக்கு விதிக்காத நீதிபதியே நம் நாட்டில் காரணம் எழுத வேண்டியிருந்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதைத் தலைகீழாக்கிற்று; தூக்கு விதிப்பவரே சிறப்புக் காரணம் கூற வேண்டுமென்றது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், 'அரிதினும் அரிதான' வழக்குகளுக்கே தூக்கு என வரம்பு கட்டிற்று.

இதைக் காட்டி, நீதி கனிந்துவிட்டதென மெச்சுவோர் உளர். நாம் மெச்சுவதற்கில்லை.

நால்வர் கொலையுண்ட ஒரு வழக்கில் மூவருக்குத் தூக்கு. மூவரின் பங்கும் ஒன்றே. அவர்தம் முறையீடுகளோ உச்ச நீதிமன்றத்தில் வெவ்வேறு அமர்வுகளின் முன் சென்றன. ஒருவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. ஒருவர் 1981 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். எஞ்சியவர்க்காக 1982இல் அந்நீதிமன்றமே குடியரசுத் தலைவரின் கருணையை நாட நேர்ந்தது!

வரம்பு கட்டிய பின்னரேனும் திருந்திற்றா? குற்றவாளியின் நிலையைப் பாராது குற்றத்தை மட்டும் நோக்கிய 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றைப் பிழையென 2009இல் உச்ச நீதிமன்றமே உரைத்தது. அதற்கு வெகு முன்பே அக்கைதி தூக்கிலிடப்பட்டிருந்தார். பிழைத்த தீர்ப்பைத் திருத்தலாம்; போன உயிரை மீட்பவர் யார்?

எந்த அமர்வு என்பதைப் பொறுத்து உயிர் நிற்பதும் போவதும் நீதியன்று; அது திருவுளச் சீட்டு. திருத்தவியலாத தண்டனையை, தவறக்கூடிய மனிதர் கையில் விட்டுவைத்தல் தகாது என்பதே நம் துணிபு.