தளிகையும் மளிகையும்

புரட்டாசி பிறந்துவிட்டால் தமிழகத்து வீடுகளில் இரண்டு பட்டியல்கள் எழுதப்படுகின்றன. சனிக்கிழமைத் தளிகைக்கு என்னென்ன செய்வது என்பது ஒன்று. அதற்கு மளிகைக் கடையில் என்னென்ன வாங்குவது என்பது மற்றொன்று. முன்பெல்லாம் முதற்பட்டியல் முடிந்த பிறகே இரண்டாவது எழுதப்படும். இப்போது பல இல்லங்களில் அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. கடைக்காரர் விலையைச் சொன்ன பிறகுதான் பெருமாளுக்கு என்ன படைப்பது என்பதே முடிவாகிறது.

இது பெரிதும் வாட்டுவது முதியோர் மட்டும் வாழும் வீடுகளைத்தான். அரசு ஓய்வூதியருக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி கணக்கிடப்படுகிறது. தனியார் ஆலைகளிலும் கம்பெனிகளிலும் உழைத்து ஓய்ந்தவர்களுக்கு அந்த வசதி கிடையாது. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய் என்று 2014ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. விலைவாசியோடு சேர்ந்து அது ஏறுவதில்லை. வைப்புத்தொகை வட்டியை நம்பியிருப்பவர்களின் நிலையும் இதுவே. ரிசர்வ் வங்கி 2025ஆம் ஆண்டின் முதற்பாதியில் ரெப்போ விகிதத்தை 6.50 விழுக்காட்டிலிருந்து 5.50 விழுக்காட்டுக்குக் குறைத்தபோது, வீட்டுக்கடன் வாங்கிய பிள்ளைகள் மகிழ்ந்தனர். வைப்புத்தொகை வைத்திருந்த பெற்றோர் பெருமூச்சு விட்டனர்.

புரட்டாசியில் விலை கூடுவதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. இம்மாதம் முழுவதும் புலால் தவிர்க்கும் குடும்பங்கள் ஏராளம். ஆகவே காய்கறிக்குக் கிராக்கி மிகுகிறது. மகாளய அமாவாசை, பெரும்பாலான ஆண்டுகளில் நவராத்திரி, அடுத்துத் தீபாவளி என்று செலவுகள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வருகின்றன. எண்ணெயின் கதை வேறு. நம் நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. இந்தோனேசியா 2022 ஏப்ரல் இறுதியில் பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியதற்கே இங்குள்ள வாணலிகள் நடுங்கின. 2024 செப்டம்பர் 14 அன்று, கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் மீது அதுவரை இல்லாதிருந்த அடிப்படைச் சுங்கவரி 20 விழுக்காடாக விதிக்கப்பட்டது. எண்ணெய்வித்து விளைவிக்கும் நம் உழவர்க்கு நியாய விலை கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் மூன்றே நாளில் புரட்டாசி பிறந்தது. தளிகைக்கு வடை தட்ட உட்கார்ந்தவர்களுக்கு அந்த வரியின் சூடு முதலில் தெரிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் காய்கறி விலை முந்தைய ஆண்டைவிட 42 விழுக்காடு உயர்ந்திருந்ததாக அரசின் புள்ளிவிவரமே சொல்லிற்று.

காஞ்சிபுரத்தில் ஒரு முதிய தம்பதியர். கணவர் தனியார் ஆலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவ்வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை தளிகை உண்டு. உறவினர், அண்டை வீட்டார், பூக்கட்டித் தரும் மூதாட்டி, கோயிலில் மெய்க்காவல் பார்ப்பவர் என்று முப்பது இலை விழும். மளிகைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கூட்டிப் பார்த்த கணவர், மெல்லச் சொன்னார்:

"இந்த வருஷம் வெளியாரைக் கூப்பிட வேண்டாம். நம்ம வீட்டு மனுஷங்க மட்டும் போதும். பத்து இலையோட முடிச்சுக்கலாம்."

மனைவி உடனே விடை சொல்லவில்லை. அரிசியில் கல் பொறுக்கி முடித்துவிட்டுச் சொன்னார்:

"இலையைக் குறைச்சா அது நம்ம வீட்டுச் சாப்பாடுங்க. தளிகை ஆகாது. பண்டத்தைக் குறைங்க, நான் சரிங்கறேன்."

"பண்டம் குறைஞ்சா சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பாங்க?"

"பூக்காரம்மாவைக் கூப்பிடலேன்னா பெருமாள் என்ன நினைப்பார்?"

அந்தக் கேள்விக்குக் கணக்கரிடம் பதில் இல்லை. இருவரும் அமர்ந்து, தங்கள் வீட்டுத் தளிகையில் எந்தப் பண்டம் எப்போது நுழைந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தனர். மாமியார் காலத்தில் சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, தயிர்சாதம், உளுந்து வடை, சுண்டல் என்று ஐந்தே. மாவிளக்கு தனி. மகனுக்கு வேலை கிடைத்த ஆண்டு பாயசம் சேர்ந்தது. மகளுக்குத் திருமணமான ஆண்டு தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமும் சேர்ந்தன. பட்டணத்து உறவினர் ஒருவர் கேட்டார் என்று உருளைக்கிழங்குப் பொரியல் வந்தது. "சாதம், சாம்பார், ரசம் இல்லாமல் எப்படி" என்று யாரோ சொல்ல, அவையும் வந்தன. வந்தவை வந்தவைதாம். ஒருமுறை நுழைந்த பண்டத்தை நீக்கினால் குறை வருமோ என்று அஞ்சி, ஒன்றையும் யாரும் எடுக்கவில்லை. ஐந்து பன்னிரண்டாக வளர்ந்திருந்தது. இந்த வளர்ச்சியைப் பல குடும்பங்களிலும் காணலாம். அச்சத்தால் சேர்ந்துகொண்டதைச் சம்பிரதாயம் என்று எண்ணிச் சுமப்பது நம்மவர் வழக்கம்.

மீண்டும் ஐந்துக்கே திரும்புவது என்று முடிவாயிற்று. அப்போதுதான் ஒரு வேடிக்கை புலப்பட்டது. செய்தித்தாளின் முதற்பக்கத்துக்கு அடிக்கடி வரும் வெங்காயம், தக்காளி, துவரம் பருப்பு ஆகிய மூன்றும் அந்தப் பழைய பட்டியலில் இல்லவே இல்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஏறியபோதும், 2024இல் துவரம் பருப்பு நூற்றைம்பதைத் தாண்டி நின்றபோதும், பழைய முறைத் தளிகைக்கு அவற்றால் ஒரு காசும் கூடியிராது. தேங்காய்ச் சாதம் போனதால், 2025இல் தேங்காய் ஏறிய ஏற்றத்தின் பெரும்பகுதியும் கணக்கிலிருந்து போயிற்று. உளுந்து, நல்லெண்ணெய், நெய் ஆகியவை கடிக்கத்தான் செய்யும். இலைக்கு இரண்டு வடை என்பதை ஒன்றாக்கினால் முப்பது இலைக்கு அரைக் கிலோவுக்குச் சற்றே கூடுதலான உளுந்து போதும். எண்ணெயும் பாதியாகக் குறையும். சர்க்கரைப் பொங்கலில் மட்டும் நெய்யைக் குறைக்க அந்த அம்மையார் சம்மதிக்கவில்லை. முந்திரியைக் குறைத்துக்கொண்டார். நெய்யின் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டதையும் கணவர் நினைவூட்டினார். அதற்காக இன்னொரு கரண்டி ஊற்றலாமா என்று மனைவி கேட்டதாகக் கேள்வி.

சில வீடுகளில் இந்தச் சிக்கலுக்கு வேறொரு வழி தேடுகிறார்கள். வளையலை அடகு வைத்துப் பண்டிகையை நடத்துகிறார்கள். அல்லது கடன் அட்டையைத் தேய்க்கிறார்கள். நகைக்கடன் என்பது மருத்துவச் செலவுக்கோ படிப்புச் செலவுக்கோ கைகொடுக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் ஒருவேளை உண்டு முடிக்கும் விருந்துக்கு ஓராண்டு வட்டி கட்டுவது எந்தக் கணக்கிலும் பொருந்தாது. கடன் அட்டையில் மாதத் தவணை தவறினால் அந்த வட்டி நகைக்கடனைவிடப் பன்மடங்கு. திருமலையப்பன் தம் திருக்கல்யாணத்துக்காகக் குபேரனிடம் வாங்கிய கடனுக்கு இன்றும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது புராண வழக்கு. அந்தக் குடும்பத்தில் ஒரு கடன் போதும். அடியார்களும் சேர்ந்து கடன்பட வேண்டியதில்லை.

பெருமாளே எதை விரும்பி ஏற்கிறார் என்று பார்த்தாலும் மனம் சற்று ஆறும். திருமலையில் லட்டும் வடையும் உலகப் புகழ் பெற்றவை. எனினும், கருவறையின் குலசேகரப் படியைத் தாண்டி உள்ளே செல்லும் நைவேத்தியம் மண்சட்டி ஓட்டில் வைத்த தயிர்சாதமே என்று மரபறிந்தோர் சொல்வர். குரும்பறுத்த நம்பியின் வரலாறும் அன்பர்கள் அறிந்ததே. சட்டி பானை வனையும் அவர், கோயிலுக்குச் செல்ல நேரமின்றி, கையில் ஒட்டிய களிமண்ணையே பூவாகச் செய்து தம் குடிசையில் பெருமாளுக்குச் சாத்தினார். தொண்டைமான் சாத்திய பொற்பூக்களின் மேல் அந்த மண்பூக்கள் கிடந்தனவாம். மன்னன் திகைத்தான். தங்கத்தின் விலை அன்றும் கூடுதல்தான் போலும்.

ரேஷன் பொருளைப் பெருமாளுக்குப் படைக்கலாமா என்ற தயக்கமும் பல மூதாட்டியரிடம் உண்டு. தமிழகத்தில் அட்டைதாரர்களுக்குப் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வீட்டில் மற்ற நாளெல்லாம் அந்த எண்ணெயில் சமைத்துண்பவர்கள், தளிகையன்று மட்டும் "சாமிக்கு இது ஆகாது" என்று ஒதுக்குகிறார்கள். வால்மீகி ராமாயணத்தில், தந்தை மறைந்த செய்தி கேட்ட ராமபிரான், மந்தாகினிக் கரையில் இங்குதிப் பிண்ணாக்கையும் இலந்தைப் பழத்தையும் கலந்து பிண்டம் வைக்கிறார். சக்கரவர்த்திக்கு இதுவா என்று கோசலை கண்ணீர் வடிக்கிறாள். வனத்தில் தாம் எதை உண்டாரோ அதையே ராமபிரான் தந்தைக்கும் அளித்தார். அவருக்கே அது தகுமானால், ரேஷன் எண்ணெயில் பொரித்த வடை எவ்வகையில் தாழ்ந்தது?

தளிகைச் செலவு திடீரென்று வருவதன்று. எந்தச் சனிக்கிழமை எந்தத் தேதி என்று பஞ்சாங்கம் ஓராண்டுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. புதுப் புளியும் மிளகாயும் மாசி, பங்குனியில் வரும்போது வாங்கி வைப்பது நல்லது. புளி பழகினால் நிறம் கறுக்கும். புளியோதரைக்கு அந்தப் புளியே சிறந்தது. கொண்டைக்கடலையும் பங்குனி, சித்திரையில் புதிதாக வரும். நன்றாக வெயிலில் காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் புரட்டாசி வரை கெடாது. வெல்லத்தை மட்டும் முன்கூட்டி வாங்க வேண்டாம்; மழைக்காலத்தில் கசியும். மாதம் இருநூறு ரூபாயை அஞ்சலகத் தொடர்வைப்பில் போட்டு வந்தால் அசலும் பத்திரம், அலமாரியில் பூச்சியும் இல்லை என்பார் சிலர். அதுவும் சரியே. ஆனால் அதை ஐந்தாண்டுக் கணக்காகத் திறக்கிறோம் என்பதை மறக்கலாகாது.

சில அக்கிரகாரங்களிலும் நெசவாளர் தெருக்களிலும் நான்கைந்து வீடுகள் கூடித் தளிகையிடுகின்றன. ஒரு வீட்டில் பொங்கல், ஒரு வீட்டில் புளியோதரை, இன்னொரு வீட்டில் சுண்டல். எல்லாம் ஒரே கூடத்துக்கு வந்து சேர்கின்றன. ஒரே பண்டத்தை மொத்தமாகச் சமைக்கையில் எரிவாயு மிச்சமாகிறது. எழுபது வயதில் ஐந்து பண்டத்துக்கும் அடுப்படியில் நிற்கும் வேதனையும் இல்லை. காஞ்சிபுரத்துத் தம்பதியர் இவ்வாண்டு எதிர்வீட்டாரோடு அவ்வாறே பேசி முடித்திருக்கிறார்கள். இலை முப்பத்தைந்தாகிவிட்டது.

இவை அனைத்துக்கும் முன்பாகவே நம் பெரியோர் ஒரு வழி வகுத்திருந்தனர். புரட்டாசிச் சனிக்கிழமையன்று நெற்றியில் நாமமிட்டு, துளசி சுற்றிய பித்தளைச் சொம்பை ஏந்தி, "கோவிந்தா" என்று சொல்லியபடி வீடுவீடாகச் சென்று அரிசி பெறுவது. நூறு மூட்டை நெல் கண்ட மிராசுதாரும் அன்று சொம்பு ஏந்தினார். அந்த அரிசியில்தான் தளிகை. கொடுத்தவர் ஒருபிடிதான் கொடுத்திருப்பார். வாங்கியவர் வீட்டு இலையில் தெரு முழுவதும் பங்கேற்றது. விலைவாசி எவ்வளவு ஏறினாலும் ஒருபிடி அரிசி எந்த வீட்டுக்கும் பாரமாகாது. நகரத்து அடுக்ககங்களில் இவ்வழக்கம் அருகி வருகிறது. "நம்மைப் பிச்சைக்காரர் என்று நினைப்பார்களே" என்று பேரப்பிள்ளைகள் கூசுகிறார்கள். அந்தக் கூச்சத்தைக் களைவதற்கே சொம்பைக் கையில் கொடுத்தார்கள் என்பதைப் பாட்டி தாத்தாக்கள்தாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். முதல் ஆண்டு ஐந்து வீடு போதும். தெரிந்த வீடுகளாகவே இருக்கட்டும்.

அவ்வாறு பெற்ற அரிசி பலவகையாக இருக்கும். பொன்னி, ரேஷன் பச்சரிசி, புழுங்கல், சிலர் போடும் பாசுமதி என எல்லாம் கலந்திருப்பதால் ஒரே பதத்தில் வேகாது. அதைப் புளியோதரைக்குப் பயன்படுத்த வேண்டாம். அதற்குச் சாதம் உதிரியாக வேண்டும். நன்றாகக் களைந்து, ஒருமணி நேரம் ஊறவைத்து, வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக நீர் விட்டுக் குழைய வேகவைத்தால், சர்க்கரைப் பொங்கலுக்கும் தயிர்சாதத்துக்கும் அது மிக நன்றாகவே அமைகிறது.